டி டிரைவ் காப்பாற்றாது!

வீட்டுக் கணினியை முழுதாகப் பிரதி எடுத்து வைக்காத வீடுகள் எதையெல்லாம் இழக்கின்றன? திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

எடமலைப்பட்டி புதூர் மெயின் ரோட்டில் கடை விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். பஞ்சப்பூர் பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ்களின் ஹாரன் ஓயவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பழைய போர்வையில் சுற்றிய சிபியூவை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவந்து இறக்குகிறார். சர்வீஸ் கடைப் பையன் வயரை மாட்டி சுவிட்சைப் போடுகிறான். கறுப்புத் திரை. இடது மூலையில் வெள்ளையாய் ஒரே ஒரு வரி.

“சார், டேட்டா வேணுமா? இல்ல, ஃபார்மட் போட்டுடவா?”

“எதுவும் போயிடக் கூடாது தம்பி. முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதான் வச்சிருக்கேன். அப்படித்தானே வைக்கச் சொன்னீங்க?”

பையன் பக்கத் தகட்டைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்மேல் விரலை வைத்துப் பார்க்கிறான். டிக்... டிக்... சுற்றத் தொடங்குகிறது, நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது.

“டிஸ்க்கே போயிடுச்சு சார். சி-யும் இதுலதான் இருக்கு, டி-யும் இதுலதான் இருக்கு.”

திருச்சியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊர் சர்வீஸ் கடையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வீட்டுக்குக் கணினி வந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லித் தரப்பட்ட ஒரே பாதுகாப்புப் பாடம் இது: “எதையும் சி-ல வைக்காதீங்க, டி-ல வைங்க. ஃபார்மட் போட்டாலும் போகாது.” விண்டோஸ் மட்டும் கெட்டுப்போகும்வரை அது சரிதான். ஆனால் சி, டி என்பவை ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். திருடன் எடுத்துப்போனாலும் அப்படித்தான்.

ஏன் இப்போது?

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு இணைத்துக்கொண்டால் இலவசமாகவே கிடைக்கும். அந்த நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான் என்பது அறிவிப்பு.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் தேறாது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவை ஏராளம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். பல குடும்பங்களில் அதுதான் முதல் கணினி. அக்கா படித்து முடித்து, தம்பி படித்து முடித்து, இப்போது அம்மா யூடியூப் பார்க்கும் மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே சர்வீஸ் கடைகளில் மூன்று விதமான வேலை நடக்கிறது. சிலருக்குக் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். சிலருக்கு லினக்ஸ். “இருக்கிறதே ஓடட்டும்” என்று சொல்பவர்களுக்குச் சுத்தமாக ஃபார்மட் போட்டு மறுபடி விண்டோஸ் 10. மூன்றிலும் ஒரு பொது அம்சம், இருக்கும் டிஸ்க்கில் கை வைக்கிறார்கள். கை வைக்கும் முன் அந்தக் கணினியை அப்படியே, முழுதாக, ஒரு பிரதி எடுத்து வைக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. “ஃபோட்டோ மட்டும் எடுத்துக் கொடுத்துடுறேன் சார்” என்பதோடு முடிந்துவிடுகிறது.

முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாறினால், பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதி உண்டு. பதினோராவது நாள் அது கிடையாது. குறுக்குவழியில் ஏற்றியவர்கள் இதை நம்பி இருக்கவே முடியாது.

ஃபைல் வேறு, கணினி வேறு

புகைப்படங்களையும் ஆவணங்களையும் பென் டிரைவில் போட்டுக்கொள்வது வேறு. சிஸ்டம் இமேஜ் எனப்படும் முழுப் பிரதி வேறு. முதலாவது, வீடு மாறும்போது சாமான்களை மூட்டை கட்டுவது. இரண்டாவது, சுவரில் அடித்த ஆணி உட்பட வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோவது. விண்டோஸ், அதில் நிறுவிய மென்பொருள்கள், பிரிண்டர் டிரைவர், எழுத்துருக்கள், வைஃபை கடவுச்சொல், மேசைத் திரையில் ஐகான்கள் இருக்கும் வரிசை, கண்ணுக்குத் தெரியாத பூட் பகுதி எல்லாம் அதில் அடக்கம். புது டிஸ்க் வாங்கி மாட்டி இமேஜை இறக்கினால், பிரதி எடுத்த அன்று இருந்த நிலையிலேயே கணினி எழும்.

சி டிரைவை அப்படியே காப்பி-பேஸ்ட் செய்தால் இது நடக்காது. விண்டோஸ் ஓடும்போது அதன் ரெஜிஸ்ட்ரி போன்ற முக்கியக் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். பூட் பகுதி பார்வைக்கே வராது. இமேஜ் எடுக்கும் மென்பொருள்கள், டிஸ்க் ஒரு கணத்தில் இருந்த நிலையை உறைய வைத்துக்கொண்டு அந்த நிலையைப் படிக்கின்றன. அதனால் நாம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுக்க முடிகிறது.

நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. “கோஸ்ட் எடுத்து வச்சிருக்கேன்” என்று சொல்லும் மூத்த டெக்னீஷியன்கள் இன்றும் உண்டு. நியூசிலாந்தில் 1990-களின் நடுவில் உருவான கோஸ்ட் மென்பொருளை 1998-ல் சிமான்டெக் வாங்கி, நார்ட்டன் கோஸ்ட் என்று விற்றது. பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் பத்துக் கணினிகளுக்கும் ஒரே கோஸ்டை இறக்கிக் காலை கடை திறப்பார்கள். 2013-ல் அதன் விற்பனை நின்றது. பிரவுசிங் சென்டர்களும் குறைந்தன. அந்த நல்ல பழக்கம் வீடுகளுக்கு வந்து சேராமலேயே போய்விட்டது.

மைக்ரோசாஃப்ட்டும் இதில் பொறுப்பேற்க வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே முழுப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் 2017-லேயே அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டு, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது விண்டோஸ் பேக்கப் என்ற பெயரில் முன்னால் வந்து நிற்கும் செயலி, சில ஃபோல்டர்களையும் அமைப்புகளையும் ஒன்டிரைவுக்கு அனுப்புகிறது, அவ்வளவே. இலவச இடம் 5 ஜிபி. நிறுவிய மென்பொருள்கள் அதில் ஏறாது. பெயரைப் பார்த்து “பேக்கப் ஆயிடுச்சு” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குக் கணினி விழும் நாளில்தான் வித்தியாசம் தெரிகிறது.

பெட்டிச் செய்தி: ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

தேவையானவை: கணினியில் இப்போது நிரம்பியிருக்கும் அளவைவிடப் பெரிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று (என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்தது), குறைந்தது 16 ஜிபி உள்ள காலி பென் டிரைவ் ஒன்று.

முதலில் பென் டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று தேடி அதைத் தயார் செய்யுங்கள். விண்டோஸ் எழவே எழாத நாளில் கணினியை எழுப்புவது இதுதான். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

அடுத்து கண்ட்ரோல் பேனல். ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்று இருக்கும். பெயரில் 7 இருந்தாலும் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும். இடப்பக்கம் ‘கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்’. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்து தொடங்குங்கள். யூஎஸ்பி 3 டிஸ்க் என்றால் 200 ஜிபி-க்கு ஒரு மணி நேரம் போல ஆகலாம்.

முடிந்ததும் ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வேறு ஃபோல்டருக்குள் நகர்த்தாதீர்கள். இடம் மாறினால் மீட்கும் நேரத்தில் விண்டோஸுக்கு அது கண்ணில் படாது.

மீட்க: பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, ‘டிரபுள்ஷூட்’ வழியாக ‘சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி’. புது டிஸ்க், பழையதைவிடக் கொள்ளளவில் சிறிதாக இருக்கக் கூடாது.

இலவச மாற்று: தைவானில் உருவான குளோன்சில்லா. பயன்படுத்த எளிதான திரை வேண்டுபவர்களுக்கு ரெஸ்க்யூசில்லா. லினக்ஸ் மிண்ட் வைத்திருப்பவர்களுக்கு டைம்ஷிஃப்ட் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் படங்களைத் தனியாக எடுக்க வேண்டும். மேக் கணினிகளில் 2007 முதல் டைம் மெஷின்.

எழுத்து போனால் என்ன மிச்சம்?

முழுப் பிரதி ஏன் தமிழ் வீடுகளுக்கு மற்றவர்களைவிட அவசியம் என்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இதைப் பற்றிக் கணினி இதழ்கள் அதிகம் எழுதுவதில்லை.

யூனிகோட் பரவலாவதற்கு முன் நாம் தமிழில் தட்டியதெல்லாம் தனித்தனி எழுத்துருக்களை நம்பியே இருந்தது. பாமினி, வானவில், டிஸ்கி, டேப், டேம் என்று எத்தனையோ முறைகள். அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார். புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களிடம் பாமினி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு கொண்டுவர முயன்றது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளாகத் தட்டியவை எங்கே போகும்? வீடுகளிலும் டிடிபி கடைகளிலும் இருக்கும் டிஸ்க்குகளில்தான் கிடக்கின்றன.

ஃபார்மட் போட்ட கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்பு பத்திரமாக இருக்கும். ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. ஆனால் திரையில் வருவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. பாமினியில் தட்டியது என்றால், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். எழுத்துரு சி டிரைவில் விண்டோஸுக்குள் இருந்தது. ஃபார்மட்டில் அது போய்விட்டது. ‘டி-யில் இருந்ததால் தப்பியது’ என்று கொண்டாடிய கோப்பைப் படிக்க ஆள் இல்லை.

எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றலாம். பொதுவான எழுத்துருக்களுக்கு இது பலிக்கும். ஏதோ ஒரு நிறுவனம் பூட்டுச் சாவியோடு விற்ற எழுத்துரு என்றால் பலிக்காது.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் திருமண அழைப்பிதழ், உற்சவப் பத்திரிகை, தோத்திரச் சிறுநூல், குடும்ப வம்சாவளி என்று டிடிபி செய்து அச்சுக்குக் கொடுத்தவர்கள் பலர். அந்தத் தலைமுறையின் கருவி பேஜ்மேக்கர். 2001-ல் வந்த 7-ஆம் பதிப்புதான் அதன் கடைசி. அதற்குப் பின் அடோபி அதைக் கைவிட்டது. ஆனால் நம்மூர் டிடிபிகாரர்கள் கைவிடவில்லை. பழைய விண்டோஸ், பேஜ்மேக்கர், குறிப்பிட்ட எழுத்துரு, குறிப்பிட்ட விசைப்பலகை மென்பொருள், குறிப்பிட்ட பிரிண்டர் டிரைவர். இந்த ஐந்தும் ஒரே கணினியில் ஒத்துப்போனால்தான் பக்கம் சரியாக வரும். ஒன்று தவறினாலும் வரி உடையும், கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழும்.

இந்த ஐந்தையும் சேர்த்துக் காப்பது முழுப் பிரதி ஒன்றுதான். அதிலும் ஒரு படி மேலே போகலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்டுவிஎச்டி என்ற சின்னக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியின் டிஸ்க்கை ஒரே கோப்பாக மாற்றித் தரும். அந்தக் கோப்பைப் புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் ஓட்டலாம்: இருபது வருடத்துக்கு முந்தைய மேசைத் திரை ஒரு ஜன்னலுக்குள் அப்படியே எழுந்து நிற்கும். விண்டோஸ் உரிமத்தை மறுபடி கேட்கும், முதல் தடவை டிரைவர் சிக்கல் வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனாலும் ஒரு சபையின் முப்பது வருட மலர்களோ, ஒரு ஆசிரியர் தட்டி வைத்த வட்டார வழக்குச் சொற்பட்டியலோ பழைய சிபியூவோடு காயலான் கடைக்குப் போவதைவிட இந்தச் சிரமம் எவ்வளவோ மேல்.

வீட்டிலிருந்து நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். டேலி தரவு ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்திருப்பார்கள். மென்பொருளின் பதிப்பு, அந்தக் கணினியோடு கட்டிய உரிமம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், ஜிஎஸ்டி வேலைக்குச் செய்து வைத்த எக்செல் மேக்ரோ எல்லாவற்றையும் மறுபடி நிறுவி ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மாதக் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது.

பூட்டுப் போடும் திருடர்கள்

2018 முதல் வீட்டுக் கணினிகளைக் குறிவைத்துப் பரவிய ஸ்டாப் என்ற ரேன்சம்வேர் குடும்பம், நம் நாட்டில் நிறைய வீடுகளைப் பதம் பார்த்தது. அது வந்த வழி, காசு கொடுக்காமல் விண்டோஸையும் மற்ற மென்பொருள்களையும் திறக்க உதவும் கிராக்குகளும் ஆக்டிவேட்டர்களும். பூட்டைத் திறக்க 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி, 490 டாலர். குழந்தையின் காதுகுத்துப் படங்களுக்கு அவ்வளவு பணம் எந்த நடுத்தரக் குடும்பம் கொடுக்கும்? பழைய வகைகள் சிலவற்றுக்கு இலவசச் சாவி வந்தது. எல்லாவற்றுக்கும் வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். பிரதி எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயில் முடிந்து இடி மழை வரும் மாலைகளில் மின்னழுத்தம் எகிறினாலும், கழற்றி வைத்த டிஸ்க் மட்டும்தான் தப்பும்.

அரசாங்கங்களே இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளை ரேன்சம்வேர் தாக்கியது. கேட்ட தொகை 1,950 டாலர். இலங்கையில் நடந்தது இன்னும் பெரிய பாடம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரேன்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரசு முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. சேவையைச் சீக்கிரமே எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. காரணம், பிரதியும் இணையத்தோடு இணைந்தே இருந்தது, அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. கழற்றி வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இல்லை. சர்வரில் இருந்ததோ காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள்.

தென்கொரியாவில் திருடனே தேவைப்படவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமிக்கும் ஜி-டிரைவ் எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரியது என்று அதற்கு வெளியே பிரதி வைக்கவில்லை.

கடையில் கொடுத்த டிஸ்க்

முழுப் பிரதி இல்லாத வீட்டில் கணினி பழுதானால் அது யார் கைக்குப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். “டேட்டா எடுத்துக் கொடுங்க” என்று டிஸ்க்கைக் கொடுத்தால், அதில் இருக்கும் எல்லாமே அந்தக் கடையில் இரண்டு நாள் திறந்து கிடக்கும். ஆதார் நகல், வங்கி பாஸ்புக் படங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், வீட்டுப் பெண்களின் படங்கள். பெரும்பாலான டெக்னீஷியன்கள் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள். ஆனால் ஒரு பெண் தன் மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் என்ன? பிரதி கையில் இருந்தால் டிஸ்க்கைக் கொடுக்கவே வேண்டாம். புது டிஸ்க் வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு, இமேஜை வீட்டில் இறக்கிக்கொள்ளலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் சத்தம் போட்டாவது எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் எதுவும் சொல்லாமல் போய்விடும். அதில் அழித்த கோப்புகளை மீட்பதும் கடினம். காலி இடத்தை உடனுக்குடன் துடைத்து வைப்பது அதன் இயல்பு. டிஸ்க்கைப் பிரித்து மீட்கும் பெரிய ஆய்வகங்களுக்கு அனுப்பினால் செலவு ஆயிரங்களில் தொடங்கிப் பதினாயிரங்களுக்குப் போகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய்.

பெட்டிச் செய்தி: 48 இலக்கச் சாவி

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும் புதிய கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. உரிமையாளருக்கே இது தெரிவதில்லை. மதர்போர்டு மாற்றினாலோ சில பயாஸ் அமைப்புகளைத் தொட்டாலோ, நீலத் திரையில் பிட்லாக்கர் என்ற அந்தக் குறியாக்க வசதி 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கைத் தொடங்கியதே கடைப் பையன்தான், எந்த மின்னஞ்சலில் என்று தெரியாது என்றால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் உள்ளே போக முடியாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, பல அலுவலகங்களில் நேரம் பிடித்தது இந்தச் சாவிகளைத் தேடத்தான். இன்றே சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று: விண்டோஸின் இமேஜ் கருவி, பூட்டிய டிஸ்க்கைப் பூட்டில்லாமல்தான் பிரதி எடுக்கும். அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் தொலைந்தால் எல்லாம் வெளியே போகும். அதையும் பூட்டியே வையுங்கள்.

மீட்டுப் பார்த்தீர்களா?

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளை ஒரு தவறான கட்டளை அழித்துவிட்டது. பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது சில வாரங்களாகவே சரியாக ஓடவில்லை. யாரும் மீட்டுப் பார்த்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. போர்வைகளில் சுற்றி, காரில் மெதுவாக ஓட்டிக் கொண்டுவந்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கு அன்று கைகொடுத்தது ஒரு வீட்டுக் கணினி.

பிரதி எடுத்ததாக மென்பொருள் சொன்னால் நம்பி விட்டுவிடக் கூடாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதைச் சோதிக்க ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. மின்சாரத்தை அணைத்து, இருக்கும் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். அதே கொள்ளளவோ கூடுதலோ உள்ள வேறு டிஸ்க்கை மாட்டி, அதில் இமேஜை இறக்குங்கள். எழுந்தால் பிரதி நல்லது. எழாவிட்டாலும் பழைய டிஸ்க் கையில் பத்திரமாக இருக்கிறது. சரியாக எழுந்தபின் அந்த டிஸ்க்கையே மாற்று டிஸ்க்காக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியைப் பிரிக்க முடியாதவர்கள் பாதிச் சோதனையாவது செய்யலாம். ரெக்கவரி பென் டிரைவிலிருந்து எழுப்பி, இமேஜ் கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, இறக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிறகு விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக இமேஜுக்குள் இருக்கும் விஎச்டிஎக்ஸ் கோப்பை இணைத்தால் அது ஒரு டிரைவ் போலத் திறக்கும். நாலு ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். படங்கள் படமாகவே வருகின்றனவா? போதும்.

இரண்டாவது பிரதி எங்கே இருக்க வேண்டும்?

2005 நவம்பர் வெள்ளத்தைத் திருச்சி மறக்கவில்லை. கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி நகரின் மேற்குப் பகுதிகளுக்குள் வந்தன. தரைத்தளத்தில் மேசைக்கு அடியில் இருந்த சிபியூக்களோடு பக்கத்து அலமாரியில் இருந்த சிடிக்களும் நனைந்தன. 2015 டிசம்பரில் சென்னைக்கும் இதே கதி. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிரதிகள், தண்ணீருக்கும் தீக்கும் ஒன்றுதான்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு உலகெங்கும் வழங்குகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். நம்மூருக்கு அந்த வேறு இடம் கஷ்டமே இல்லை. கே.கே.நகரில் இருக்கும் தங்கை வீட்டிலோ, திருவெறும்பூரில் இருக்கும் சம்பந்தி வீட்டிலோ பூட்டிய டிஸ்க் ஒன்று இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிதாக எடுத்ததைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். மகன் சிங்கப்பூரில் இருந்தால், முக்கியமான படங்களும் பத்திரங்களும் அவன் கணினியிலும் ஒரு பிரதி. 200 ஜிபி இமேஜை வீட்டு இணையத்தில் மேகத்துக்கு (கிளவுட்) ஏற்றுவது பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் ஓடாது. கோப்புகளுக்கு மேகம், முழுப் பிரதிக்கு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வதே சரி.

நீண்ட நாள் வைத்திருக்க எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமில்லாமல் சூட்டில் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். மே மாதத்துத் திருச்சி அலமாரிக்கு, சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம்.

கடைகளும் கல்லூரிகளும்

இந்த வேலையைக் குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. விண்டோஸ் போட்டு, டிரைவர், ஆபீஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் ஏற்றி முடித்த அந்த நிமிடம்தான் கணினி மிகச் சுத்தமாக இருக்கும் நேரம். அப்போதே ஓர் இமேஜ் எடுத்து, வாடிக்கையாளரின் டிஸ்க்கில் தேதி போட்டுக் கொடுத்துவிடலாம். கடைக்கு அரை மணி நேரம். ஃபார்மட்டுக்கு வாங்கும் சில நூறு ரூபாயோடு இன்னும் கொஞ்சம் வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘அடுத்த தடவை ஃபார்மட் வராதே, பிழைப்பு என்ன ஆகும்’ என்ற கவலை கடைக்காரருக்கு இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை பிரதி எடுத்து மீட்டுப் பார்த்துக் கொடுப்பதும் தொழில்தான். வாட்டர் ஃபில்டருக்கும் ஏசிக்கும் வருட சர்வீஸ் கொடுத்துப் பழகிய தெருக்களில் அதற்கு ஆள் கிடைப்பார்கள்.

மடிக்கணினியோடு வரும் ரெக்கவரி பகுதியை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடும் வழக்கத்தையும் கடைகள் நிறுத்த வேண்டும். கம்பெனி கொடுத்த விண்டோஸ் உரிமத்தோடு திரும்பிப் போக வாங்கியவருக்கு இருக்கும் எளிய வழி அது.

இன்னொரு வாய்ப்பும் இப்போது கதவருகே நிற்கிறது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மடிக்கணினியைக் கையில் கொடுக்கும் வாரத்திலேயே கல்லூரி ஆய்வகத்தில் ஒரு செய்முறை வகுப்பு வைக்கலாம்: ரெக்கவரி பென் டிரைவ் செய்வது, பிட்லாக்கர் சாவியை எழுதி வைப்பது, முதல் இமேஜை எடுப்பது. திருச்சியில் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் குறைவில்லை. அவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒன்றைப் புதூர் போன்ற ஒரு வார்டில் நடத்தி, வீட்டுக்காரர்களின் பழைய கணினிகளுக்கு இமேஜ் எடுத்துக் கொடுத்தால், விண்டோஸ் 10-இன் நீட்டிப்பு முடியும் தேதிக்கு முன்பே ஒரு தெரு முழுக்கப் பிரதி எடுத்து முடித்துவிட முடியும்.